உஷார்! குமியில் வீடு மலிவு என்று கையெழுத்துப் போடும் முன்...

தென்கொரியாவின் குமி நகரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். ஏற்கெனவே போய் இறங்கி, வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கிறீர்களா? பேனாவைக் கீழே வையுங்கள். சில நிமிடம் பொறுக்காமல் கையெழுத்துப் போட்டு, வருடக்கணக்கில் சேர்த்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

ஆசை காட்டுவது வாடகைதான். சியோலில் பல்கலைக்கழகங்களைச் சுற்றி ஓர் ஒற்றை அறைக்கு மாதம் ஆறு லட்சம் வொன் சர்வசாதாரணம். முன்பணமாக ஒரு கோடி வொன் வரை கேட்பார்கள். குமியில் அதே அளவு அறை மூன்று லட்சம் வொன்னை ஒட்டிக் கிடைக்கும். நம் பணத்தில் இருபதாயிரத்துக்குள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும். முன்பணமும் குறைவு. பாதிச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பக்கத்துப் பெருநகரமான டேகுவுக்குப் போக 2024 டிசம்பர் முதல் புறநகர் ரயிலும் வந்துவிட்டது. வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

இவ்வளவு மலிவு ஏன் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நாக்டோங் ஆற்றங்கரையில் 1969-ல் தொடங்கிய தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர் குமி. முன்னாள் அதிபர் பார்க் சுங்-ஹீயின் சொந்த ஊர். டிவி, செல்போன், திரைகள் என்று கொரிய மின்னணுத் தொழிலின் கோட்டையாக இருந்தது. தொழிலாளர்கள் குவிந்தார்கள். அவர்களை நம்பி, சொத்துக்காரர்கள் வங்கியில் கடன் வாங்கி, இன்தோங், ஜின்பியோங், ஒக்கே பகுதிகளில் மூன்று மாடி, நான்கு மாடி ‘ஒன்ரூம்’ (ஒற்றை அறை) கட்டடங்களை வரிசையாக எழுப்பினார்கள். பிறகு செல்போன் உற்பத்தியில் பெரும்பங்கு வியட்நாமுக்குப் போனது. திரைத் தொழில் சியோலுக்கு வடக்கே பாஜு பக்கம் நகர்ந்தது. அறைகள் காலியாயின. 2023-ல் அரசு இந்த ஊரைக் குறைக்கடத்தித் தொழிலுக்கான சிறப்பு வளாகமாக அறிவித்த பிறகு நம்பிக்கை திரும்பியிருக்கிறது. ஆனால் பழைய கட்டடங்களின் மேல் வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. உங்களுக்குச் சலுகையாகத் தெரிகிற வாடகை, வீட்டுக்காரரின் கழுத்து நெரிபடுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். அவரால் வட்டி கட்ட முடியாமல் போனால் வங்கி கட்டடத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும். உள்ளே குடியிருக்கும் உங்கள் முன்பணத்துக்கு என்ன ஆகும்? நான் பதறுவது அந்த இடத்தில்தான்.

கொரியாவில் வாடகைக்குப் போக இரண்டு வழி. முன்பணம் கொடுத்து மாதாமாதம் வாடகை கட்டுவது ‘வொல்சே’. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் வாடகை இல்லாமல் இருப்பது ‘ஜொன்சே’. நம் ஊரில் ஒத்திக்கு, லீஸுக்கு வீடு எடுப்போமே, அதேதான். காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். அது வராமல் போகும் ‘ஜொன்சே மோசடி’ 2022 கடைசியில் இன்ச்சோன் நகரின் மிச்சுஹோல் பகுதியில் வெடித்தபோது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அடுத்த சில மாதங்களில் பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023 ஜூனில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மொழி தெரிந்த, சட்டம் தெரிந்த, அப்பா அம்மா பக்கத்திலேயே இருக்கும் கொரியர்களுக்கே இந்தக் கதி. நேற்று வந்து இறங்கிய நமக்கு?

குமியில் நீங்கள் பார்க்கப்போகும் ஒன்ரூம் கட்டடங்களில் பெரும்பாலானவை ‘தாகாகு’ வகை. பத்துப் பன்னிரண்டு அறைகள் இருந்தாலும் பத்திரத்தில் மொத்தக் கட்டடமும் ஒரே சொத்து, ஒரே உரிமையாளர். ஏலம் என்று வந்தால் எல்லாக் குடித்தனக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். முதலில் வங்கி. பிறகு யார் முந்தி வந்தார்களோ அவர்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கட்டடம் 60 கோடி வொன் பெறும். வங்கிக்கு 40 கோடி வொன் அடமானம். ஏலத்தில் யாரும் கேட்காமல் ஒரு சுற்றுத் தவறினாலே ஆரம்ப விலையில் 20 முதல் 30 சதவீதம் குறைத்துவிடுவார்கள். வங்கி தன் பங்கை எடுத்ததும் மிஞ்சுவதில் பன்னிரண்டு பேர் கை நீட்ட வேண்டும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்பது சொத்துப் பதிவேட்டில் இருக்காது. வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் திருத்திய சட்டப்படி, மற்றக் குடித்தனக்காரர்களின் முன்பண விவரத்தையும் தன் வரிப் பாக்கி விவரத்தையும் ஒப்பந்தத்தின்போது காட்ட வேண்டியது அவர் கடமை. கேளுங்கள். முகம் சுளித்தால், அந்த வீடு வேண்டாம்.

பதிவேடு என்றேனே, அதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வில்லங்கச் சான்றிதழ் போடாமல் நம் ஊரில் யாராவது இடம் வாங்குவார்களா? கொரியாவில் அதற்கு ‘துங்கிபு துங்பொன்’ என்று பெயர். வாங்குபவர்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை, வாடகைக்கு வருபவர் கட்டாயம் பார்க்க வேண்டும். முகவரி தெரிந்தால் போதும், நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் 700 வொன் கட்டி யாரும் பார்க்கலாம். ஒரு பன் வாங்கும் காசு. தாளில் மூன்று பகுதி இருக்கும். முதல் பகுதி கட்டடத்தின் விவரம். இரண்டாவது ‘கப்கு’: உரிமையாளர் யார், சொத்தின் மேல் ஜப்தி உண்டா, ஏலம் தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் இங்கே. மூன்றாவது ‘உல்கு’: அடமானங்கள். அங்கே எழுதியிருக்கும் தொகை பொதுவாக வாங்கிய கடனைவிட 20 சதவீதம் போலக் கூடுதலாக இருக்கும், வட்டிக்கும் சேர்த்து. சிவப்புக் கோடு போட்ட வரிகள் தீர்ந்துபோனவை. கோடு இல்லாதவை உயிரோடு இருப்பவை. தாளின் அடியில் அதை எடுத்த தேதியும் நேரமும் இருக்கும், அதைப் பாருங்கள். தரகர் போன மாதம் எடுத்த தாளை நீட்டினால் வாங்காதீர்கள். ஒப்பந்தத்தன்று காலையில் ஒரு தடவை, மீதிப் பணம் கொடுக்கும் நிமிடத்தில் இன்னொரு தடவை, நீங்களே எடுங்கள்.

கப்குவில் உரிமையாளர் இடத்தில் ஆள் பேருக்குப் பதிலாக ஒரு சொத்துப் பொறுப்பு (டிரஸ்ட்) நிறுவனத்தின் பேரும், பக்கத்தில் ‘ஷின்தாக்’ என்ற சொல்லும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வீட்டுக்காரர் கடனுக்காகச் சொத்தை அந்த நிறுவனத்தின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவரிடம் போட்ட ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது. சாவி கொடுத்தார், பணம் வாங்கினார், இரண்டு வருடம் குடியிருந்தோம் என்று எவ்வளவு சொன்னாலும் அத்துமீறிக் குடியிருப்பவர் என்று வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

இனி, சட்டம் நமக்குத் தரும் ஒரு முக்கியக் கவசத்தைப் பற்றி. சிறு முன்பணக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. குமி மாதிரி ஊர்களில் முன்பணம் 7.5 கோடி வொன்னுக்கு மிகாமல் இருந்தால், அதில் 2.5 கோடி வொன் வரை வங்கிக்கும் முன்னால் உங்களுக்குக் கிடைக்கும். 2023-ல் வந்த வரம்பு இது. பழைய அடமானம் இருக்கும் கட்டடத்தில் அந்த அடமானம் போட்ட நாளின் பழைய, குறைந்த வரம்புதான் செல்லும். இப்படித் தரும் தொகை எல்லாம் சேர்ந்து சொத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டவும் கூடாது. அதாவது, முன்பணம் 30 லட்சம் வொன்னில் வொல்சே எடுப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஐந்து கோடி, ஆறு கோடி கொடுத்து ஜொன்சே எடுப்பவர் தலையில் துண்டு விழ வாய்ப்பு உண்டு. மாத வாடகை மிச்சமாகிறதே என்று ஜொன்சேக்குத் தாவாதீர்கள் என்று நான் தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

இந்தக் கவசமும் தானாக வராது. வீட்டில் நிஜமாகக் குடியிருக்க வேண்டும், அந்த முகவரி உங்கள் வெளிநாட்டவர் பதிவில் ஏறியிருக்க வேண்டும். புதிதாக வருபவர் 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும், வீடு மாறினால் 15 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும் என்பது குடிவரவு விதி. பலரும் இதை விசாவுக்கான சடங்கு என்று நினைத்து ஆறப்போடுகிறார்கள். முன்பணத்துக்கு உயிர் கொடுப்பதே இந்தப் பதிவுதான். முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கப் போகும்போது ஒப்பந்தத்தையும் எடுத்துச் சென்று, 600 வொன் கட்டித் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் இன்று பதிவு செய்தால் உங்கள் உரிமை இன்று நள்ளிரவு தாண்டி நாளை பிறக்கும்போதுதான் தொடங்கும். வீட்டுக்காரர் இன்று மதியமே வங்கிக்குப் போய்ப் புதிதாக அடமானம் வைத்தால் வங்கி முந்திவிடும். இதையே தொழிலாக வைத்துப் பணம் பார்த்தவர்கள் உண்டு. மீதிப் பணம் கொடுத்த மறுநாள் வரை சொத்தின் மேல் எந்தக் கடனும் வாங்கமாட்டேன், வாங்கினால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு வரியைச் சிறப்பு நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். தரகர்களுக்குப் பழக்கமான வரிதான், கேட்டால் எழுதுவார்கள். பணத்தை உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். “மனைவி கணக்கு, மச்சான் கணக்கு” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், மதுரைப் பக்கத்துக்காரர். குழந்தை பிறந்ததும் பெரிய வீட்டுக்கு மாறினார். முன்பணத்தில் பாதி சேமிப்பு, மீதி மனைவியின் நகை. ஒருநாள் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கொரியக் கடிதத்தைக் கொடுத்துப் போனார். அது நீதிமன்றத்துக் கடிதம். கட்டடம் ஏலத்துக்கு வருகிறது, உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு இன்ன தேதிக்குள் மனுப் போடுங்கள் என்று அதில் இருந்தது. “கேஸ் பில்லுன்னு நினைச்சு டிராயர்ல போட்டுட்டேண்ணே” என்று அவர் என்னிடம் சொன்னபோது தேதி தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மனுப் போடாதவருக்குச் சலுகைத் தொகையும் கிடையாது. முறைப்படி பதிவு செய்திருந்தும், கைக்கு வந்திருக்க வேண்டிய பங்கும் போயிற்று. கொரிய மொழியில் எந்தக் காகிதம் வந்தாலும், கதவில் எதை ஒட்டியிருந்தாலும், அன்றைக்கே செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ ஒரு கொரியரிடம் காட்டுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 132, குடிவரவுச் சந்தேகங்களுக்கு 1345. 1345-ல் ஆங்கிலமும் சிங்களமும் உண்டு, தமிழ் கிடையாது.

வீட்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. வாடகையைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றுவார்கள். தண்ணீர், இணையம், மின்சாரம் எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது பாய்லர். கொரியாவில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடித்தான் அறை சூடாகும். குளிர்காலத்தில் ஊருக்கு வரும்போது அதை அடியோடு அணைத்துவிட்டு வந்தால் குழாய் உறைந்து வெடிக்கும், செலவு உங்கள் தலையில். அதைவிடப் பெரிய ஆபத்து, எரிவாயு பாய்லரின் புகைக்குழாய் கழன்று கார்பன் மோனாக்ஸைடு அறைக்குள் வருவது. 2018 டிசம்பரில் காங்னுங் நகரில் விடுதியில் தங்கிய பள்ளி மாணவர்களில் மூன்று பேர் இப்படித்தான் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2020 முதல் புதிய பாய்லர்களுக்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. பழைய கட்டடத்தில் அது இல்லாமல் இருக்கலாம். வாடகை பேசும்போதே பாய்லர் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தால், ஆட்டினால் ஆடினால், சரிசெய்யாமல் குடி போகாதீர்கள். கருவி இல்லையென்றால் உங்கள் காசிலாவது வாங்கி மாட்டுங்கள்.

வீட்டுக்கு முன்னால், ஊரிலிருந்து கிளம்புவதற்கே முன்னால் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். “கொரியாவில் ஃபேக்டரி வேலை, மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய், விசா எங்கள் பொறுப்பு” என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் உஷாராக இருங்கள். ஆலைத் தொழிலாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்கு 2004 முதல் ‘இ-9’ விசா என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட நாடுகளிலிருந்து மட்டுமே ஆள் எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் இலங்கை உண்டு, நேபாளம் உண்டு, வங்கதேசம் உண்டு. இந்தியா இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் இ-9 வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். இலங்கைத் தமிழர்களுக்கு வழி உண்டு, ஆனால் அது முழுக்க இரண்டு அரசுகளுக்கு நடுவில் நடப்பது: கொரிய மொழித் தேர்வு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அவ்வளவுதான். நடுவில் தனியார் தரகருக்கு இடமே இல்லை. அந்த விசாவில் போனாலும் முதலாளியை இஷ்டப்படி மாற்ற முடியாது. முதல் மூன்று வருடத்தில் மாறுவதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, காரணம் காட்ட வேண்டும், மூன்று மாதத்துக்குள் அடுத்த வேலை கிடைக்க வேண்டும்.

மாணவர் விசாவில் போய், கடன் அடைக்க இரவு ஷிஃப்டில் ஆலைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. பகுதி நேர வேலைக்குக் குடிவரவு அலுவலக அனுமதி வேண்டும். எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. 2025 அக்டோபர் கடைசியில் டேகுவின் சோங்சோ தொழிற்பேட்டையில் குடிவரவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது, ஒளிந்திருந்த 25 வயது வியட்நாம் பெண் ஒருவர் விழுந்து இறந்தார். கொரியாவிலேயே பட்டம் படித்து, வேலை தேடும் விசாவில் முறையாகத் தங்கியிருந்தவர். ஆலையில் வேலை செய்ய மட்டும் அந்த விசாவில் இடமில்லை. பயந்து ஒளியும்படியான நிலைமையில் உங்கள் பிள்ளையை வைக்காதீர்கள் என்று பெற்றோர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆலைக்குள் போகிறவர்களுக்கு முதல் நாள் வேலை ஒன்றுதான்: வெளியே போகும் வழி எது என்று பாருங்கள். இரண்டாவது வழியையும் பாருங்கள். 2024 ஜூன் 24-ம் தேதி ஹ்வாசோங் நகரில் லித்தியம் பேட்டரி ஆலையில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். 18 பேர் வெளிநாட்டவர். பெரும்பாலோர் ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். அவசர வழி பற்றி அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லியே கொடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. உங்களிடம் புரியாத மொழியில் ஒரு தாளை நீட்டி, பாதுகாப்புப் பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பயிற்சியைக் கேளுங்கள்.

அடிபட்டால் “நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், வெளியே சொல்லாதே” என்பார்கள். நம்ப வேண்டாம். தொழில் விபத்துக் காப்பீட்டுக்குத் தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம், முதலாளியின் சம்மதம் தேவையில்லை. விசா இல்லாதவருக்கும் அந்த உரிமை உண்டு. காயத்தையும் இயந்திரத்தையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். சம்பள ரசீது கொடுப்பது 2021 நவம்பர் முதல் கட்டாயம். 2026-க்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வொன். ரசீதில் மணிக்கணக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை. சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள். கொரியா முழுக்க 2024-ல் மட்டும் தராமல் நிறுத்திய சம்பளப் பாக்கி இரண்டு லட்சம் கோடி வொன்னைத் தாண்டியது. தொழிலாளர் துறையின் எண் 1350. மூன்று வருடம் தாண்டினால் பாக்கியைக் கேட்க முடியாது.

அவமானம் நடந்தாலும் சாட்சி வையுங்கள். 2025 ஜூலையில் ஒரு வீடியோ வெளிவந்தது. தெற்கே நாஜு நகரில் ஒரு செங்கல் ஆலையில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல் அடுக்கோடு சேர்த்துக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கியிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பவம் நடந்து மாதங்களாகியிருந்தன. வீடியோ வெளிவந்த பிறகுதான் நாட்டின் அதிபரே கண்டித்தார், விசாரணையும் வந்தது. அந்த வீடியோ இல்லையென்றால் அந்த மனிதரின் பேச்சு எடுபட்டிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

தொழில் நகரத்தின் ஆபத்து ஆலை மதிலோடு நிற்பதில்லை. 2012 செப்டம்பர் 27 அன்று குமியின் நான்காவது தொழிற்பேட்டையில், டேங்கர் லாரியிலிருந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை இறக்கும்போது வால்வு திறந்துகொண்டது. ஐந்து பேர் இறந்தார்கள். காற்றில் கலந்த அமிலம் பக்கத்துக் கிராமங்களில் பரவியது. பயிர்கள் கருகின, மாடுகள் நோயில் விழுந்தன, ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொடுமை என்னவென்றால், வெளியேற்றிய மக்களை மறுநாளே வீட்டுக்குத் திரும்ப விட்டார்கள். உடம்பு சரியில்லாமல் போனதும் மறுபடி ஊரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அரசு அந்தப் பகுதியைச் சிறப்புப் பேரிடர் பகுதியாக அறிவிக்க அக்டோபர் 8 வரை ஆயிற்று. அதற்கும் முன்னால், 1991 மார்ச்சில் குமியின் ஓர் ஆலையிலிருந்து 30 டன் ஃபீனால் நாக்டோங்கில் கலந்து, கீழே டேகு நகரத்துக் குடிநீரே நாறிப்போன கதையும் உண்டு. இந்த விபத்துகளுக்குப் பிறகு சட்டங்கள் கடுமையாகியிருக்கின்றன. ஆனால் ரசாயனங்கள் அதே ஊரில்தான் இருக்கின்றன.

எனவே வாடகை பார்க்கும்போது வரைபடத்தைத் திறந்து பக்கத்தில் என்ன ஆலை என்று பாருங்கள். வாடகை இருபதாயிரம் வொன் குறைவு என்பதற்காகப் பேட்டையின் மதிலை ஒட்டி எடுக்க வேண்டாம், குழந்தை இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். விபத்து நடந்தால் எல்லா செல்போனும் ஒரே நேரத்தில் அலறும், ஆனால் செய்தி கொரிய மொழியில் வரும். அரசின் ‘எமர்ஜென்சி ரெடி’ செயலியில் ஆங்கிலத்தில் கிடைக்கும், இன்றே இறக்கி வையுங்கள். ஆலையில் வாயுக் கசிவு என்று செய்தி வந்தால் ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்திவிடுங்கள்; வெளியேறச் சொன்னால் காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக நகருங்கள். தீ, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 119.

மருத்துவக் காப்பீடு 2019 ஜூலையிலிருந்து ஆறு மாதம் தங்கும் வெளிநாட்டவருக்குக் கட்டாயம். வேலையிடம் வழியாகச் சேராதவர் மாதம் ஒன்றரை லட்சம் வொன் அளவில் தானே கட்ட வேண்டும், மாணவர்களுக்குக் குறையும். பாக்கி வைத்தால் விசா நீட்டிப்பில் கை வைப்பார்கள். மலிவு என்று போட்ட பட்ஜெட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பும் சமயத்தில் இன்னொரு கண்ணி விரிப்பார்கள். “உன் வங்கிக் கணக்கு இனி உனக்கு எதற்கு? கார்டைக் கொடு, ஐந்து லட்சம் வொன் தருகிறேன்” என்று யாராவது வருவார்கள். நம் ஊர்க்காரராகவே இருப்பார், அண்ணன் தம்பி என்று பழகியவராக இருப்பார். தொலைபேசி மோசடிக் கும்பல்கள் தேடுவது இப்படிப்பட்ட கணக்குகளைத்தான். கணக்கைக் கைமாற்றினாலே ஐந்து வருடம் வரை சிறை அல்லது மூன்று கோடி வொன் வரை அபராதம். விமான நிலையத்தில் பிடிபடலாம். தப்பிப் போனாலும் மறுபடி விசா கேட்கும்போது சிக்கும். சிம் கார்டுக்கும் இதே எச்சரிக்கை. யாரோ கொடுக்கும் ரொக்கத்தை வாங்கி இன்னொருவரிடம் சேர்க்கும் “சுலபமான பார்ட் டைம்” வேலைக்கும் போகாதீர்கள். கும்பலின் தலை அகப்படாது, பணத்தைத் தூக்கியவர்தான் அகப்படுவார்.

கடைசியாக, முன்பணத்தை மீட்டுக்கொண்டு கிளம்பும் வழி. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே, காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரருக்குக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, பதிலையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். சொல்லாமல் விட்டால் ஒப்பந்தம் தானே நீண்டுவிடும். அப்புறம் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், உங்கள் விசா அத்தனை நாள் இருக்குமா தெரியாது. பணம் கணக்கில் விழாமல் கதவின் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். “அடுத்த ஆள் வந்ததும் அனுப்பிவைக்கிறேன், நீங்கள் தைரியமாகப் போங்கள்” என்பது நம்பிப் போனவர்கள் எல்லோரும் கேட்ட பேச்சு. அறையைக் காலி செய்து, முகவரியையும் மாற்றிய அந்த நொடியில் உங்கள் உரிமை போய்விடும். பணம் தராமல் இழுத்தடித்தால், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்தில் குடித்தனப் பதிவு உத்தரவு கேட்டு மனுப் போடுங்கள். கொரிய மொழியில் ‘இம்ச்சாக்வோன் துங்கி’. அது கிடைத்து, உங்கள் பெயர் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு நீங்கள் வீட்டைவிட்டுப் போனாலும் வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். மறுபடி 700 வொன் கட்டி, உல்குவில் உங்கள் பெயர் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.